மறியல் அறையும் மேடைச் சிரிப்பும்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவின் கடைசி இரவில் இளைஞர் மன்றத்தின் சார்பில் நகைச்சுவை நாடகம் போடுவது வழக்கம். இம்முறை நான் எழுதிய நாடகத்தில், தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துப் பெண்களின் சீட்டுப் பணத்தைச் சுருட்டிய ஒருவன் விளக்கமறியலுக்கு (வழக்கு முடியும் வரை அடைத்து வைக்கும் சிறைக்கு) போகிறான். அறைக்குள் மீசையை முறுக்கியபடி ஒரு பெரிய கைதி அவனைப் பார்த்துச் சிரிக்கிறான். விளக்கு அணைகிறது; ஓர் அலறல் கேட்கிறது; விளக்கு எரியும்போது எங்கள் ஆள் காலை அகட்டி அகட்டி நடந்து வருகிறான். ஒத்திகையில் சிரிப்பு அள்ளிய இடம் அதுதான். கோயில் நிர்வாகமோ பெண்களும் பிள்ளைகளும் இருக்கும் இடத்தில் ஆபாசம் கூடாது என்று அந்தக் காட்சியை வெட்டச் சொல்கிறது. ஒரு கெட்ட வார்த்தைகூட இல்லாத காட்சியை ஆபாசம் என்பது நியாயமா? நகைச்சுவைக்கு எல்லை போடுவது யார்?
– நாடகக்காரர், பொகவந்தலாவை

பதில்: ஆபாசம் என்ற காரணத்தை நானும் ஏற்கவில்லை. காமன் கூத்தையும் பொன்னர் சங்கரையும் விடிய விடியப் பார்த்து வளர்ந்த மலையகத்தாருக்குக் கோமாளியின் வாயில் வரும் இரட்டை அர்த்தப் பேச்சு புதிதல்ல. அதைக் கேட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்த பாட்டிமார் எவரும் அதனால் கெட்டுப்போய்விடவில்லை. நிர்வாகத்தினர் ஆபாசத்தை அளவுகோலாக வைத்துக்கொண்டால், நீங்கள் அலறலை எடுத்துவிட்டு நடையை மட்டும் வைத்துக்கொண்டு அதே காட்சியைத் திரும்பவும் மேடையேற்றிவிடுவீர்கள், அவர்களும் தலையாட்டிவிடுவார்கள். எனக்கு அந்த நடைதான் சிக்கல்.

கூட்டம் அந்த இடத்தில் எதற்காகச் சிரிக்கிறது என்று பாருங்கள். விளக்கு அணைந்திருந்த நேரத்தில் என்ன நடந்தது என்று நீங்கள் ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஆனாலும் முன்னால் படங்கு விரித்து உட்கார்ந்திருக்கும் சிறுவன் முதல் பின்னால் கைகட்டி நிற்கும் கங்காணி வரை எல்லோருக்கும் விளங்கிவிடுகிறது. மறியலில் இப்படி நடக்கும் என்பது ஊருக்கே தெரிந்திருக்க வேண்டும், தெரிந்தும் அதை ஒரு குற்றமாக யாரும் எண்ணாமலிருக்க வேண்டும். இவ்விரண்டும் சேர்ந்தால்தான் அந்தச் சிரிப்பு எழும். ஆம்பளையாகப் போனவன் பொம்பளையாக்கப்பட்டான் என்ற ஏளனமும், சீட்டுக்காசைத் தின்றவனுக்கு இது வேண்டும் என்ற திருப்தியும் அதன்மேல் ஏறிக்கொள்கின்றன. அதே அறையில் அவனைக் கத்தியால் குத்தியிருந்தால் கூட்டம் சிரித்திருக்குமா? பணத்தைச் சுருட்டியவள் ஒரு பெண்ணாக இருந்து, பெண்கள் பிரிவில் விளக்கு அணைந்து அவள் அலறியிருந்தால், அந்த இடத்தில் சிரிப்பை எதிர்பார்த்து நீங்கள் எழுதியிருப்பீர்களா? எழுதியிருந்தாலும் நடிக்க ஆள் கிடைத்திருக்காது.

இதில் உங்களை மட்டும் குறை சொல்ல முடியாது. நாம் பார்த்து வளர்ந்த சினிமா நகைச்சுவைக் காட்சிகளில் இது பலமுறை வந்து போனதுதான். உலகம் முழுவதும் இதே பகிடி ஓடுகிறது. 2002ஆம் ஆண்டில் அமெரிக்காவில் செவன் அப் பானத்துக்கு ஒரு தொலைக்காட்சி விளம்பரம் வந்தது. சிறைக்குள் கைதிகளுக்குப் பானம் கொடுத்துக்கொண்டு போகும் ஒருவர், கையிலிருந்த டின் ஒன்று கீழே விழுந்ததும், அதைக் குனிந்து எடுக்கப்போவதில்லை என்கிறார். குனிந்தால் வல்லுறவு நடக்கும் என்ற அந்தக் குறிப்புக்கு விளக்கமே தேவைப்படவில்லை. சிறையில் பாலியல் வன்முறைக்கு உள்ளானவர்களுக்காக இயங்கிய ஓர் அமைப்பும் வேறு மனித உரிமை அமைப்புகளும் எதிர்ப்புத் தெரிவித்த பிறகு அந்த விளம்பரம் நிறுத்தப்பட்டது. மறு ஆண்டே, 2003இல், சிறைகளில் நடக்கும் பாலியல் வல்லுறவை ஒழிப்பதற்கென ஒரு தனிச் சட்டத்தை அந்நாட்டின் சட்டமன்ற அவைகள் இரண்டும் எதிர்ப்பின்றி நிறைவேற்றின. அந்தச் சட்டத்தின்படி 2011–12 காலத்தில் கைதிகளிடமே கேட்டு எடுக்கப்பட்ட கணக்கில், மாநில, மத்திய சிறைகளில் இருந்தோரில் நூற்றுக்கு நால்வர், முந்திய 12 மாதங்களுக்குள் தமக்குப் பாலியல் துன்புறுத்தல் நடந்ததாகத் தெரிவித்தார்கள். இன்னொரு விடயமும் அதில் வெளிவந்தது: அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் சிறை ஊழியர்களைக் குறிப்பிட்டிருந்தார்கள். உங்கள் காட்சியில் சாவிக்கொத்து வைத்திருப்பவர் மேடையிலேயே இல்லை என்பதைக் கவனித்தீர்களா?

எங்கள் நாட்டுச் சட்டமும் இந்தச் சிரிப்புக்கு நீண்ட காலம் துணை நின்றிருக்கிறது. 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை, பாலியல் வல்லுறவை ஆண் ஒருவன் பெண்ணுக்கு எதிராகச் செய்யும் குற்றமாகவே வரையறுத்தது. ஆணுக்கு நடந்தால் அதை என்ன பெயரில் முறைப்பாடு செய்வது என்பதற்கு, 1995இல் வந்த திருத்தத்தின் 365ஆ பிரிவு, பாரதூரமான பாலியல் துஷ்பிரயோகம் என்ற குற்றத்தின் மூலம் ஒரு வழி காட்டியது. ஆனால் அதற்குப் பக்கத்திலேயே ஒரே பாலினத்தாருக்கிடையிலான உறவைக் குற்றமாக்கும் 365, 365அ பிரிவுகளும் இருந்ததால், தனக்கு நடந்த கொடுமையைச் சொல்லப் போனவன் தானும் குற்றவாளியாக்கப்படலாம் என்று அஞ்சுவதற்கு இடமிருந்தது. சட்டம் ஒரு பக்கம் வாயை அடைக்க, வெளியே வந்தால் லயத்து வாசலில் காத்திருக்கும் பகிடி மறு பக்கம் அடைக்கிறது.

எல்லை போடுவது யார் என்று கேட்டிருந்தீர்கள். நிர்வாகமும் பொலிஸும் போடும் எல்லையில் எனக்கு நம்பிக்கை இல்லை. இன்று இதை வெட்டும் கை நாளை தோட்டத்துத் துரையைக் கிண்டல் செய்யும் காட்சியையும் வெட்டும். எழுதியவர் நீங்கள். உங்கள் நாடகத்தைப் பார்க்க வரும் கூட்டத்தில் மறியலுக்குப் போய் வந்தவர்கள் ஒரு சிலராவது இருப்பார்கள் என்பது உங்களுக்கே தெரியும். அவர்களில் ஒருவர் தனக்கு நடந்ததை மனைவியிடம்கூடச் சொல்லாமல் அங்கே உட்கார்ந்து, பக்கத்தில் இருப்பவர் சந்தேகப்படக் கூடாதே என்று மற்றவர்களைவிடச் சத்தமாகச் சிரிக்கும்படி அந்தக் காட்சி செய்யுமென்றால், அதை நீங்களே எடுத்துவிடுவது நல்லது என்பது என் எண்ணம்.

கேள்வி: பிள்ளைகளைச் சீரழித்தவனும் பாடசாலை வாசலில் ஐஸ் போதைப்பொருள் விற்றவனும் பிடிபட்டால், “உள்ளுக்குப் போனா கவனிச்சிக்குவாங்க” என்று முகநூலில் எழுதுவதில் என்ன தவறு? நீதிமன்றம் வருடக்கணக்கில் இழுத்தடிக்கும் நாட்டில், அவனுக்கு உள்ளே நடப்பதாவது நீதி என்று எண்ணி மக்கள் சிரித்துக்கொள்கிறார்கள். பாவம் பார்க்க வேண்டியது அவன் கையில் அகப்பட்ட பிள்ளையை அல்லவா?
– ஒரு தகப்பன், பண்டாரவளை

பதில்: அந்தப் பிள்ளையைத்தான் முதலில் பார்க்க வேண்டும், அதில் நமக்குள் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் நீங்கள் எழுதும் அந்த ஒரு வரி பிள்ளைக்கு என்ன செய்கிறது? பாலியல் வல்லுறவு செய்தவனைத் தண்டிக்க இன்னொரு பாலியல் வல்லுறவுக்காரனை நியமிக்கிறது. அவன் செய்வதைப் பார்த்துக் கைதட்டவும் சொல்கிறது. அந்தச் செயல் எவருக்கும் செய்யத் தகாதது என்று பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டிய நாமே, ஆளைப் பொறுத்து அது தகும் என்று சொல்லிவிடுகிறோம்.

அதைவிட, சிறைக்குள் நடக்கும் இந்த வன்முறை, குற்றத்தின் கனத்தைப் பார்த்து ஆளைத் தெரிவு செய்வதில்லை. வயதில் இளையவன், உடம்பில் நோஞ்சான், முதல் தடவை போனவன், பார்க்க வர ஆளில்லாதவன், உத்தியோகத்தர் பேசும் சிங்களம் விளங்காதவன், கையில் காசில்லாதவன் ஆகியோர்தான் முதலில் அகப்படுகிறார்கள். எங்கள் தோட்டங்களிலிருந்து போகும் ஒரு பையனுக்கு இந்த அடையாளங்களில் எத்தனை பொருந்தும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். இலங்கைச் சிறைகளில் பெருந்தொகையானோர் வழக்கு முடியாமல் விளக்கமறியலில் இருப்பவர்கள். தண்டனை பெற்று உள்ளே போவோரிலும் தண்டப்பணம் கட்ட வழியில்லாமல் போவோர் ஏராளம். கசிப்பு (கள்ளச்சாராய) வழக்கில் தண்டப்பணம் கட்ட முடியாதவனும், பிணையாளிக்குக் கிராம சேவகரின் வதிவிடச் சான்றிதழ் கிடைக்கத் தாமதமானதால் உள்ளே கிடப்பவனும், நீங்கள் மனதில் வைத்திருக்கும் அந்தக் கொடியவனும் ஒரே கூரையின் கீழ்தான் படுக்கிறார்கள். இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழு 2020இல் வெளியிட்ட சிறைச்சாலை ஆய்வைப் படித்தால், படுக்க இடமின்றி முறை வைத்துத் தூங்குவதும் கழிப்பறையில் படுப்பதும் எப்படி வழக்கமாகிப்போயின என்று தெரியும். அத்தகைய நெரிசலில் யாருக்கு என்ன நடக்கிறது என்பதைப் பார்க்கும் கண் எங்கே இருக்கப் போகிறது? காசுள்ள போதை வியாபாரிக்கு அங்கேயும் படுக்க இடம் கிடைத்துவிடும் என்பது உங்களுக்கும் தெரிந்ததே.

இந்தப் பகிடி பெரியவர்களைத் தொடுவதில்லை என்பதற்கு அமெரிக்காவிலேயே ஓர் உதாரணம் உண்டு. 2001இல் கலிபோர்னியா மாநிலத்தின் சட்டமா அதிபராக இருந்த பில் லொக்கியர், என்ரான் என்ற எரிசக்தி நிறுவனத்தின் தலைவர் கென்னத் லே மீதிருந்த கோபத்தில், அவரைத் தாமே கூட்டிக்கொண்டு போய், பச்சை குத்திய ஒரு கைதியோடு சிறு அறையில் அடைக்க ஆசைப்படுவதாகப் பத்திரிகைக்குச் சொன்னார். அந்தக் கைதி அவரைக் கொஞ்சி அழைப்பது போலவும் பேசிக் காட்டினார். ஒரு மாநிலத்தின் தலைமைச் சட்ட அதிகாரியின் வாயில் வந்த பேச்சு இது. லே 2006இல் குற்றவாளியாகக் காணப்பட்டார். தண்டனை விதிக்கப்படும் முன்பே, பிணையில் வெளியே இருந்தபடியே இறந்து போனார். லொக்கியர் சொன்ன அறைக்குள் அவர் ஒருநாளும் போகவில்லை. அதிகாரத்தில் இருந்தவரே நையாண்டி செய்த அந்தக் கொடுமையைப் பெயர் தெரியாத ஏழைக் கைதிகள்தான் அனுபவித்தார்கள். அதே நாட்டின் உச்ச நீதிமன்றம் 1994ஆம் ஆண்டிலேயே, சிறையில் வன்முறைக்கு உள்ளாவது குற்றவாளி சமூகத்துக்குச் செலுத்த வேண்டிய தண்டனையின் பகுதியல்ல என்று தெளிவாகத் தீர்ப்பில் எழுதியிருந்தது.

நீங்கள் பண்டாரவளையிலிருந்து எழுதியிருப்பதால் இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியவில்லை. 2000 ஒக்டோபர் 25ஆம் திகதி உங்கள் ஊருக்குப் பக்கத்திலுள்ள பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமில், அரசின் பொறுப்பில் இருந்த தமிழ் இளைஞர்கள் இருபத்தைந்து பேருக்கு மேல் ஒரு கும்பலால் கொல்லப்பட்டார்கள். பொலிஸார் அங்கேயே இருந்தார்கள். தண்டனை பெற்றவர்களும் 2005இல் உயர் நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டார்கள். முகாமுக்குள் இருந்தவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று வெளியே ஒரு முடிவு எடுக்கப்பட்டிருந்தது, அவர்களுக்கு எது நடந்தாலும் தகும் என்றும் ஒரு முடிவு இருந்தது. நீங்கள் முகநூலில் எழுதும் வரிக்கும் அதற்கும் நெடுந்தூரம் என்பது உண்மைதான். ஆனால் அடைத்து வைக்கப்பட்டவன் அரசின் பொறுப்பு என்பதை நாம் ஓரிடத்தில் விட்டுக்கொடுத்தால், மற்ற இடத்தில் எதைச் சொல்லிக் கேட்பது?

வழக்கு இழுபடுகிறது என்ற உங்கள் கோபத்தை நீதிமன்றத்தின் மீதும் சட்டமா அதிபர் திணைக்களத்தின் மீதும் வைத்து எழுதுங்கள். அதற்குப் பல்லாயிரம் பேர் கையொப்பம் வைப்பார்கள், நானும் வைப்பேன்.

கேள்வி: கொடுமையைச் சிரிப்பாக்கித்தான் மனிதன் அதைத் தாங்குகிறான். சிறையிலிருந்து வந்தவர்களே உள்ளே நடந்ததைச் சொல்லிச் சிரிப்பதை நான் கேட்டிருக்கிறேன். இப்படி ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே போனால் நகைச்சுவைக்கு மிஞ்சுவது மாமியார் மருமகள் சண்டை மட்டும்தானே?
– ஓர் ஆசிரியை, ஹட்டன்

பதில்: மாமியார் மருமகளையும் கொஞ்சம் விட்டுவைக்கலாம் என்பேன். நீங்கள் சொல்வதில் பெரும்பகுதி சரி. அனுபவித்தவர் தன் வாயால் சொல்லிச் சிரிக்கும்போது, நடந்ததன்மேல் அவருக்கு ஒரு பிடி கிடைக்கிறது. எதைச் சொல்வது, எங்கே நிறுத்துவது என்பதை அவரே தீர்மானிக்கிறார். அதே கதையை அவர் அனுமதியில்லாமல் இன்னொருவர் மேடையில் நடித்துக் காட்டினால் அந்தப் பிடி பறிபோய்விடுகிறது.

நகை பிறக்கும் இடங்களாகத் தொல்காப்பியம் சொல்லும் நான்கில் எள்ளலும் ஒன்று. ஆகவே ஏளனமும் நகைச்சுவைதான் என்று வாதிடலாம். ஆனால் அதே நூலின் மெய்ப்பாட்டியல், பிறரால் இழிவுபடுத்தப்படும் நிலையாகிய இளிவை அழுகையின் கீழ் வைக்கிறது. எள்ளுவதற்குரியவன் வேறு, இளிவு உற்றவன் வேறு என்பது பழையவர்களுக்குத் தெளிவாகவே இருந்தது.

சிறையைப் பற்றிச் சிரிக்க விடயமா இல்லை? கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன், லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் 1944இன் கடைசியில் கைதாகி, மேன்முறையீட்டில் 1947இல் விடுதலையாகும் வரை சிறையில் கிடந்தவர். திரும்பி வந்தும் மக்களைச் சிரிக்க வைத்தார். விழுந்து கிடப்பவனை மிதித்து அவர் சிரிப்பு வாங்கியதில்லை.

பொகவந்தலாவை நாடகக்காரருக்கும் சேர்த்துச் சொல்கிறேன். மறியலுக்கு வெளியே மகனைப் பார்க்க வந்த தாயை மேடையில் நிறுத்துங்கள். விடியற்காலை பஸ் ஏறி வந்தவள். கையில் சோற்றுப் பொதி. வாசலில் இருப்பவர் பொதியைப் பிரித்து, மீன் துண்டை முகர்ந்து பார்த்து, கத்தி ஒளித்திருக்கிறதா என்று பருப்புக்குள் விரலை விட்டுத் தேடுகிறார். தேடி முடியும்போது பொதியில் பாதியைக் காணோம். சிங்களப் படிவத்தை நீட்டி நிரப்பச் சொல்கிறார்கள்; அவள் தோட்டத்து லயத்துக்கு வீட்டு இலக்கம் கிடையாது; இலக்கம் இல்லாத வீட்டில் எப்படிக் குடியிருக்கிறாய் என்று கேட்பவருக்கு, “அதைத்தாங்கய்யா நாங்களும் நூத்தம்பது வருசமா கேட்டுக்கிட்டு இருக்கோம்” என்கிறாள். உள்ளே இரவில் அலறல் கேட்கும் காட்சி கட்டாயம் வேண்டுமென்றால், காவல் உத்தியோகத்தர் கதிரையில் கண்ணை இறுக மூடிக்கொண்டு, அலறல் பெரிதாகப் பெரிதாகத் தன் குறட்டையையும் பெரிதாக்குவதைக் காட்டுங்கள். பிறகு காலையில் மேலதிகாரி வந்து “ராத்திரி ஏதும் பிரச்சினையா?” என்று கேட்க, அவர் பதிவுப் புத்தகத்தில் “அமைதி” என்று எழுதட்டும். இந்த விடயத்தைத் தொட்டுக்கொண்டே கூட்டத்தைச் சிரிக்க வைக்க முடியும். சிரிப்பு குறட்டை விடுபவர் மீது விழ வேண்டும்.

கேள்வி: என் தம்பி ஒரு அடிதடி வழக்கில் சில வாரங்கள் மறியலில் இருந்து பிணையில் வந்து இரண்டு மாதமாகிறது. வந்ததிலிருந்து யாரோடும் சேர்ந்து உட்காருவதில்லை. இரவில் விளக்கை அணைக்க விடுவதில்லை. மாமன் மகன்மார் வந்தால் “என்னடா, உள்ளுக்குச் சோப்பு கீழ விழுந்துச்சா?” என்று கேட்டுச் சிரிக்கிறார்கள். போன கிழமை அவர்களில் ஒருவனைக் கையில் கிடைத்த கட்டையால் அடிக்கப் போய்விட்டான். நான் அவனிடம் என்ன கேட்பது?
– அக்கா, தலவாக்கலை

பதில்: ஒன்றும் கேட்காதீர்கள். உங்கள் தம்பிக்கு என்ன நடந்தது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது; அடி உதையாக இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம். கேள்வி கேட்டு அதைப் பிடுங்க முயன்றால் இன்னும் மூடிக்கொள்வார். சொல்ல வேண்டும் என்று தோன்றினால் நான் இருக்கிறேன், யாரிடமும் சொல்லமாட்டேன் என்று ஒரு தடவை மட்டும் சொல்லுங்கள். விளக்கு எரியட்டும்.

மாமன் மகன்மாரைத் தம்பி இல்லாத நேரத்தில் கூப்பிட்டு, இனிமேல் அந்தப் பேச்சு இந்த வீட்டில் வரக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். காரணம் சொல்ல வேண்டியதில்லை. காரணம் சொன்னால் அதுவே அடுத்த பகிடிக்குக் கரு ஆகிவிடும். மூத்தவர் ஒருவர் வாயால், முடிந்தால் மாமாவே சொல்வது நல்லது.

தம்பி சம்மதித்தால் மாவட்டத்தின் பெரிய அரசாங்க வைத்தியசாலையில் உள்ள மனநலப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போகலாம். நேரில் போகத் தயங்கினால் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அவரே அழைத்துப் பேசலாம். பாலியல் வன்முறை நடந்திருந்தால் பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையத்தில் எச்.ஐ.வி. உட்படப் பரிசோதனைகளை இலவசமாகவும் இரகசியமாகவும் செய்துகொள்ளலாம். எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்கும் மருந்தைச் சம்பவம் நடந்து 72 மணித்தியாலங்களுக்குள் தொடங்க வேண்டும். உங்கள் தம்பிக்கு அந்தக் காலம் கடந்துவிட்டது, ஆனால் இதைப் படிக்கும் வேறொருவருக்குப் பயன்படலாம்.

முறைப்பாடு செய்வதா இல்லையா என்பது தம்பியின் முடிவு. அவருக்காக நீங்கள் முந்திக்கொள்ள வேண்டாம். செய்ய நினைத்தால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம், கண்டியிலும் பதுளையிலும் அதற்குப் பிராந்திய அலுவலகங்கள் உண்டு. சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணமில்லாவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழுவைக் கேளுங்கள். உத்தியோகத்தர் எவராவது செய்திருந்தாலோ, தெரிந்தும் விட்டுவைத்திருந்தாலோ 1994ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சித்திரவதைக்கு எதிரான சட்டமும் பொருந்தக்கூடும். அதில் குற்றம் நிரூபிக்கப்பட்டால் ஆகக் குறைந்த சிறைத்தண்டனையே ஏழு ஆண்டுகள். அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றத்துக்குப் போவதற்கு ஒரு மாதமே கால எல்லை. அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்திருந்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. தம்பிக்கு அந்த ஒரு மாதம் கடந்திருந்தாலும் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்யும் வழி அடைபடவில்லை. பிணை வழக்குத் தவணைக்குப் போகும்போது, அவர் திரும்பவும் விளக்கமறியலுக்குப் போக நேர்ந்தால் வேறு பிரிவில் வைக்கும்படி நீதவானிடம் கேட்க வேண்டும் என்பதை மட்டும் சட்டத்தரணியிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.